லாம்பு ரூமில் உப்பு கிடையாது

தங்கச் சுரங்கம் தன் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த கோரமண்டல் லைன் வீடுகளில் பியாட்ரிஸை வாயாடி என்றுதான் சொல்வார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் தாமாகவே நகரும் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் அவள் புருஷன் இன்பராஜ் அறுபத்து மூன்றாம் வருஷமே கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பான். படுத்த பிறகும் அவனுக்கு நல்ல பேர் கிடைத்திருக்காது. வேலைக்குப் பயந்த சோம்பேறி, ஒழிந்தான் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இன்பராஜா சோம்பேறி? டாசன் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இரும்புக் கூண்டான கேஜில் இறங்கி, பாதியில் இன்னொரு கேஜ் மாறி, அதற்கும் கீழே நடந்துபோய் வேலை செய்த டிம்பர்மேன் அவன். கூரைப் பாறை தலையில் விழாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. அந்த ஆழத்தில் பாறையில் கை வைத்தால் சுடும். கோவணத்தோடு நின்றாலும் வேர்வை ஆறாக ஓடும். வேர்வையோடு உடம்பிலுள்ள உப்பும் போய்விடும் என்பதால் கீழே ஒரு பீப்பாயில் உப்புத்தண்ணீர் கலந்து வைத்திருப்பார்கள். ஷிப்டுக்கு ஆளுக்கு நாலு மக். முக்கால்வாசிப் பேருக்கு அதைக் கண்டாலே குமட்டும். மேஸ்திரி பார்க்காத நேரத்தில் கீழே ஊற்றிவிடுவார்கள்.

இன்பராஜ் மட்டும் கள்ளைக் கண்டவன் மாதிரி குடிப்பான். தன் நாலு மக்கும் போதாமல் மற்றவர்கள் பங்கையும் வாங்கிக் குடிப்பான்.

"இன்னா மாப்ளே, கடலையே குடிச்சிடுவ போலக்கீதே!" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எதற்காக அவன் உடம்பு உப்பு உப்பு என்று அலைகிறது என்று யாருக்குத் தெரியும்?

வீட்டிலும் அப்படித்தான். சோற்றைவிட ஊறுகாய்தான் அதிகம் உள்ளே போகும். ஜாடியைச் சாய்த்து அடியிலிருக்கிற உப்பு நீரைக் குடிப்பதைப் பார்த்து பியாட்ரிஸ் தலையில் அடித்துக்கொள்வாள். அப்புறம் அவன் இளைக்க ஆரம்பித்தான். கறுக்கவும் ஆரம்பித்தான். ஏற்கெனவே கறுப்புதான், அதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பெண்டாட்டி கண்ணுக்குத் தெரியாதா? ஈறு கறுத்தது. உள்ளங்கை ரேகைகள் மையால் கோடு போட்டதுபோல் ஆயின. முழங்கையில் கல் தெறித்துப்பட்ட தழும்பு முன்பெல்லாம் வெளுப்பாக இருக்கும், அதுவும் கருகிப்போயிற்று. படுக்கையிலிருந்து எழுந்தால் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தான். காலையில் வாந்தி வேறு.

"இன்னாங்க இது, வாயெல்லாம் கருத்துப் பூடுச்சே. டாக்டராண்ட போலாம், கெளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாசன் ஷாஃப்ட் டிஸ்பென்சரியில் டாக்டர் துளசிராமன் இருந்தார். அவர் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். தலையை நிமிர்த்தவில்லை. நாக்கை நீட்டு என்று சொல்லவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி மேஜைமேல் தூசி படிந்து கிடந்தது. அதைத் தொடவில்லை. டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் தடவையும் அதே டானிக். மூன்றாம் தடவை போனபோது பேனாவை வைத்துவிட்டு, "ஆழத்து லெவலுக்குப் போகப் பயந்துக்கிட்டு நடிக்கிறான். இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!" என்றார். சீட்டிலும் அதையே எழுதினார்.

பியாட்ரிஸ் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். படித்தாள். முகம் சிவந்துபோயிற்று.

"நடிக்கலன்னு காட்ட ரத்தமா வாந்தி எடுக்கணுமா டாக்டரய்யா? அப்பத்தான் நம்புவீங்களா?"

"ஊறுகாயும் உப்பும் தின்னா வாந்திதான் வரும். உப்பை நிறுத்து. ரத்தம் சுத்தமாகும்."

வயிறு எரிகிறது ஐயா, சொல்லும்போதே வயிறு எரிகிறது! உப்பில்லாமல் செத்துக்கொண்டிருந்தவனுக்கு உப்பை நிறுத்தச் சொன்னார். டாக்டர் சொன்னால் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்து, பியாட்ரிஸும் ஊறுகாய் ஜாடியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். குழம்பிலும் உப்பைக் குறைத்தாள். அவன் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை.

வீட்டில் குறைந்த உப்பைக் கீழே லெவலில் இருந்த பீப்பாய் ஈடுகட்டியது. அதற்கும் கேடு வந்தது, அதுவும் நல்ல மனசு ரூபத்தில் வந்தது. ஷிப்ட் மேஸ்திரி சின்னசாமி தங்கமான மனிதர். இன்பராஜ் இரண்டு தடவை மரத்தோடு சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் யார் யாரையோ பிடித்து, அவனை மேலே லாம்பு ரூமுக்கு மாற்றிக் கொடுத்தார். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து, திரும்பி வருகிறவர்களிடம் வாங்கி வைக்கிற வேலை. சூடு கிடையாது, பாரம் கிடையாது. லைனே சந்தோஷப்பட்டது. பியாட்ரிஸ் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

லாம்பு ரூமில் ஒன்றுதான் இல்லை. உப்புத்தண்ணீர் பீப்பாய் கீழே இறங்குகிறவர்களுக்கு மட்டும் என்பது சட்டம். இன்பராஜ் ஷாஃப்ட் வாசலில், கீழே அனுப்புவதற்கு உப்புத்தண்ணீர் கலக்குகிற ஆளிடம் போய் நின்றான்.

"ஒரே ஒரு மக் குடுப்பா."

"மேல நிழல்ல குந்திக்கினு வேலை செய்றவனுக்கு இன்னாத்துக்கு உப்புத்தண்ணி? ரூல் கெடையாது, போ போ."

மூன்றே வாரம். விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். துளசிராமன் வழக்கம்போல், "மேலே வந்தும் நடிப்பு விடலையா?" என்றார்.

அந்த ஆளிடம் இனிப் போவதில்லை என்று பியாட்ரிஸ் ஆண்டர்சன்பேட்டையில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நல்லவர், தொட்டுப் பார்த்தார். முகம் உப்பியிருந்தது. தோல் வறண்டிருந்தது. பேச்சு இழுத்தது. வெயிலில்கூட அவனுக்குக் குளிரெடுத்தது. தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது மந்தமாகிவிட்டது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அவர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. பாதி உண்மை ஆளைக் கொல்லப் பார்த்தது.

மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் இன்பராஜால் உட்காரவே முடியவில்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மா, "ஒடம்பு காஞ்சி பூட்ச்சிக்கா, எளநி குடு, தெம்பு வரும்" என்று தினமும் இரண்டு இளநீர் வாங்கிவந்து சீவிக் கொடுத்தாள். அன்பாகத்தான் கொடுத்தாள். குடிக்கக் குடிக்க அவன் இன்னும் துவண்டான்.

ஒருநாள் மத்தியானம் குழாயடியிலிருந்து வந்த பியாட்ரிஸ் வாசலிலேயே குடத்தைப் போட்டுவிட்டாள். எழுந்திருக்க முடியாத மனுஷன் தரையில் தவழ்ந்து அடுப்பங்கரைக்குப் போயிருந்தான். உப்புப் பானையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கல்லுப்பை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான்.

"ஐயோ! இன்னா பண்றீங்க? சாவணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று பானையைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை. குழந்தையைப்போல் அழுதான்.

"குடு பியாட்ரிஸு. ஒண்ணும் வாணாம் எனக்கு. இது மட்டும் குடு."

அவள் பானையை விட்டுவிட்டாள். அவன் தின்றான், ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்தான். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். பத்து நாளாகப் படுத்துக் கிடந்தவன் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்றான்.

பியாட்ரிஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நரகம் மாதிரியான ஆழத்தில் மரம் சுமந்தபோது உயிரோடு இருந்த மனுஷன், நிழலில் உட்கார்ந்ததும் சாகக் கிடக்கிறான். கீழே என்ன இருந்தது, மேலே என்ன இல்லை? அவளுக்கு மண்டையில் உறைத்தது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைத்தாள். மறுநாள் காலை கஞ்சியில் உப்பைப் போட்டுக் கரைத்து ஒரு பாட்டில் நிறைய எடுத்துக்கொண்டு, தன் இரண்டு பெண்களையும் ரத்தினம்மாவிடம் விட்டுவிட்டு, சின்னசாமியைத் துணைக்கு அழைத்து, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கி, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் வாய்க்கு வாய் அந்தக் கஞ்சியைக் கொடுத்துக்கொண்டே போனாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்க வைத்ததும் அது மளமளவென்று இறங்கியது. இவ்வளவுதான், இதற்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தை ஏழு மாசமாக இன்பராஜுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபிறகு டாக்டரம்மா பியாட்ரிஸைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல அட்ரினல்னு ரெண்டு சுரப்பி இருக்கும்மா. உடம்புல உப்பைப் பிடிச்சு வைக்கிறது அதுதான். இவருக்கு அது கெட்டுப்போச்சு. உப்பு நிக்காம ஓடிப்போகுது. தைராய்டும் மந்தமாத்தான் இருக்கு. ஆனா முதல்ல கார்டிசோன்னு ஒரு மாத்திரை கொடுத்து உடம்பைத் தாங்கிப்பிடிச்சுட்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரையைத் தொடணும். மாத்திச் செஞ்சா இருக்கிற கொஞ்ச சக்தியும் எரிஞ்சுபோகும்."

"எளநி குடுத்தமே டாக்டரம்மா, அது?"

"அதில இருக்கிறது வேற உப்பு, பொட்டாசியம்னு பேர். இவர் உடம்புல அது வெளியே போகாம தேங்குது. ரொம்பத் தேங்கினா இருதயமே நின்னுடும்."

பியாட்ரிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரையே வாயால் விரட்டுகிறவள் தேம்பித் தேம்பி அழுதாள். "உப்ப பொட்டில வச்சி பூட்டினது நானு. கெஞ்சினாரும்மா. நான் குடுக்கலியே."

"பூட்டச் சொன்னது யாரு? அந்த ஆள் அழட்டும். நீ கண்ணைத் துடை. இவ்வளவு தூரம் இவர் உயிரோட வந்து சேர்ந்ததே உன் உப்புக் கஞ்சியாலதான்."

ஐந்து வாரம் கழித்து இன்பராஜ் தன் காலால் நடந்து ரயில் ஏறினான். அவனைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு பியாட்ரிஸுடையது. சாதாரண வேலையா அது? கார்டிசோன் விழித்தவுடன் ஒன்று, ஆறேழு மணி நேரம் கழித்துப் பாதி. இன்பராஜுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இந்த வாரம் விடிகாலையில் எழுவான், அடுத்த வாரம் மத்தியானம் எழுவான். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் உடம்பு ஏமாந்துபோகும் என்று அவளே கண்டுபிடித்து, அவன் கண் திறக்கிற நேரத்திலிருந்து எண்ணினாள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசி. அந்த ஊசி மருந்தைத் துணியில் சுற்றி எப்போதும் வைத்திருந்தாள். தைராய்டு மாத்திரை கால் அளவில் தொடங்கி மெதுவாக ஏறியது. மோரில் உப்பு, கஞ்சியில் உப்பு. ரத்தினம்மா இளநீரோடு வந்தால் கும்பிடு போட்டு வாங்கித் தன் இரண்டு பெண்களுக்கும் கொடுத்துவிடுவாள். இரண்டு மாதத்தில் அவன் முகத்தில் களை வந்தது. ஈறின் கறுப்பும் கொஞ்சம் வெளுத்தது.

இனிமேல்தான் அநியாயமே இருக்கிறது, கேளுங்கள். டாக்டரம்மா எழுதிய கடிதத்தை டிஸ்பென்சரியில் கொடுத்து, லாம்பு ரூமிலும் ஒரு மக் உப்புத்தண்ணீர் தரவேண்டும் என்று கேட்டார்கள். ஏழு மாசம் நோயே இல்லை என்று சாதித்த துளசிராமன், கடிதத்தைப் படித்த மறுநாளே இன்பராஜின் சீட்டில் "அன்ஃபிட்" என்று எழுதினார். வேலைக்கு லாயக்கில்லை! பேர் தெரியாதவரைக்கும் நடிப்பு. பேர் தெரிந்ததும் வேலை போச்சு. வேலை போனால் லைன் வீடும் போச்சு. சம்பளமில்லாமல், கூரையில்லாமல், வேலூர் மாத்திரைக்கு எங்கே போவது? மாத்திரை நின்றால் ஆள் ஒரு வாரம் தாங்கமாட்டான். பியாட்ரிஸ் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். யூனியன்காரர்களைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில், மெடிக்கல் போர்டு உட்கார்ந்து தீர்மானிக்கும் என்று தகவல் வந்தது.

டிஸ்பென்சரிக் கூடத்தில் காலை பத்து மணிக்கு போர்டு கூடியது. நடுவில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு வயதான டாக்டர். ஒருபுறம் ஆபீஸ் அதிகாரி, மறுபுறம் துளசிராமன். இன்பராஜை நிற்கவைத்தார்கள், உட்காரவைத்தார்கள், படியேறி இறங்கச் சொன்னார்கள். விளக்குகள் நிறைந்த கூடையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாம் செய்தான், மூச்சுக்கூட வாங்கவில்லை. வாசலோரம் நின்றிருந்த பியாட்ரிஸுக்கு உயிர் வந்தது.

துளசிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இது இவன் பலமில்லை சார், மாத்திரை பலம். மூணு நாள் வார்டுல படுக்கவச்சு மாத்திரையை நிறுத்துவோம். நாலாம் நாள் இதே சோதனை. செஞ்சா ஃபிட். செய்யாட்டி வீட்டைக் காலி பண்ணட்டும். அதுக்கு ஒத்துக்கலைன்னா இன்னைக்கே அன்ஃபிட்."

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. தலையாட்டினார். இன்பராஜ் பியாட்ரிஸைப் பார்த்தான். வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களையும் நினைத்திருப்பான் பாவம். "சரிங்க சார், படுத்துக்கிறேன்" என்றான்.

"இன்னாது?"

கூடத்தின் ஜன்னலெல்லாம் அதிர்கிற மாதிரி வந்தது அந்தக் குரல். அட்டெண்டர் தடுப்பதற்குள் பியாட்ரிஸ் மேஜைக்கு வந்துவிட்டாள். வேலூர்க் கடிதம் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. கையை நீட்டி, துளசிராமனின் மூக்கின்மேல் இருந்த தடித்த கண்ணாடியை நோகாமல் கழற்றி எடுத்தாள். எடுத்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஏய்! என்ன இது? அட்டெண்டர்!"

"அந்தக் கடிதாசிய படிங்க டாக்டரய்யா. வேலூர் டாக்டரம்மா சிவப்பு மையில ஒரு வரி எழுதிக்கிறாங்க. அத மட்டும் படிங்க."

துளசிராமன் கடிதத்தை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடியும் கிட்டே கொண்டுவந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதிகாரி நாற்காலியில் நெளிந்தார். அட்டெண்டர் நின்ற இடத்திலேயே நின்றான்.

"கண்ணாடியைக் குடு முதல்ல."

"ஏன் டாக்டரய்யா, படிக்க முடியலியா? அப்ப இத்தினி நாளு நீங்க பாத்த வைத்தியம் உங்க பலமில்ல, கண்ணாடி பலம். மூணு நாளு கண்ணாடி இல்லாம இருங்க. நாலாம் நாளு இதே போர்டு முன்னாடி அந்த வரிய படிச்சிக் காட்டுங்க. படிச்சிட்டீங்கன்னா எங்க வூட்டுக்காரரு மாத்திரைய நானே புடுங்கி உங்க கையில குடுக்கிறேன். படிக்கலன்னா நீங்களும் அன்ஃபிட்டு. நாங்க லைன் வூட்ட காலி பண்றோம், நீங்க பங்களாவ காலி பண்ணுங்க."

வயதான டாக்டர் கையை நீட்டினார். கண்ணாடிக்குத்தான் நீட்டுகிறார் என்று நினைத்துப் பியாட்ரிஸ் ஓரடி பின்வாங்கினாள். அவர் துளசிராமன் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டார். சிவப்பு வரியை உரக்கப் படித்தார். "இந்த மருந்தை ஒரு நாள் நிறுத்தினாலும் நோயாளி இறந்துபோகலாம்." படித்துவிட்டு, தன் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு இன்பராஜின் சீட்டை இழுத்து, "ஃபிட்" என்று எழுதி, அதன் கீழே, லாம்பு ரூமிலும் இவருக்கு உப்புத்தண்ணீர் தரவேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பியாட்ரிஸ் அந்தச் சீட்டை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடிக்கிறவரைக்கும் துளசிராமன் கண்ணாடிக்காகக் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.